கெய்ரோ இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அடக்கஸ்தலம்: பயணக் குறிப்புக்குச் சில சந்தேகங்கள்

மரக்கலம் கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஜமாஅத்திலிருந்து ஒரு குழு எகிப்துக்கு ஜியாரத் (பெரியோர் அடக்கஸ்தலங்களுக்குச் செல்லும் பயணம்) போகிறது. அவர்கள் கையில் கொடுத்துவிட இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு தயார் செய்துகொண்டிருக்கிறேன். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று நம் கடற்கரை ஊர்களும், இலங்கையில் நம் மக்களும் அதிகாலை சுப்ஹுத் தொழுகையில் ஓதும் குனூத்திலிருந்து நிக்காஹ் வரை இமாமின் மத்ஹபில்தான் (சட்ட வழியில்தான்) இருக்கிறோம். ஆனால் அவர்கள் அடங்கியிருக்கும் இடத்தைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது.

ஒரு பிரசுரத்தில் வயது 54, இன்னொன்றில் 52. ஒருவர் குப்பாவை (குவிமாடக் கட்டடத்தை) கட்டியது ஸலாஹுத்தீன் ஐயூபி என்கிறார், மற்றவர் அல்காமில் என்கிறார். இமாம் இன்னொரு குடும்பத்தின் மையவாடியில் (அடக்க நிலத்தில்) அடக்கப்பட்டார்கள் என்று படித்தேன், அது ஏன்? உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட கப்றுகள் (அடக்கக் குழிகள்) இருக்கின்றனவாமே, மற்றவை யாருடையவை? குப்பாவின் உச்சியில் படகு இருப்பது எதற்கு? அண்மையில் நடந்த பழுதுபார்ப்பில் என்ன செய்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அப்படியே குறிப்பில் சேர்த்துவிடுவேன்.

---

ஹவ்ழ் பதில்:

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் வாழ்க்கை விவரம் மட்டும் சொல்கிறேன்.

பிறப்பு ஹிஜ்ரி 150, கி.பி. 767. ஊர் காஸா என்பதே பரவலான சொல். அஸ்கலான் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. இரண்டும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்த ஊர்கள் என்பதால் குறிப்பில் ‘காஸா பகுதி’ என்று போட்டால் போதும். வஃபாத் (மறைவு) ஹிஜ்ரி 204 ரஜப் மாதக் கடைசி, கி.பி. 820 ஜனவரி. 150-லிருந்து 204 வரை சந்திர வருடக் கணக்கில் 54. சூரிய வருடமாக்கினால் 52 சொச்சம். இரண்டு பிரசுரமும் சரிதான், எந்தக் கணக்கு என்று எழுதாததுதான் குறை. நீங்கள் ஹிஜ்ரிக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) மறைந்த அதே இரவில் இமாம் ஷாஃபிஈ பிறந்தார்கள் என்று பயான்களில் சொல்வார்கள். வருடம் ஒன்று என்பது உறுதி. ‘அதே இரவு’ என்பதற்கு வலுவான சான்று இல்லை, அதைக் குறிப்பில் சேர்க்காதீர்கள்.

தந்தை சிறு வயதிலேயே காலமானார். குறைஷிக் குலத்து வழி அறுந்துவிடக் கூடாது என்று தாயார் 2 வயதுக் குழந்தையை மக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். தாள் வாங்க வசதியில்லாமல் எலும்பிலும், அரசு அலுவலகத்தில் கழித்த தாள்களின் பின்பக்கத்திலும் பாடம் எழுதியதாக வரலாறு. அரபி மொழிக்கு ஹுதைல் கோத்திரத்தாரிடம் போய்த் தங்கினார்கள். மக்காவில் முஸ்லிம் இப்னு காலித் அஸ்ஸன்ஜியிடமும், பிறகு மதீனாவில் இமாம் மாலிக்கிடமும் (ரஹ்) ஓதினார்கள். ஹிஜ்ரி 179-இல் மாலிக் மறைந்த பின் யமன் பக்கம் அரசுப் பணி. அங்கே அலவிகளின் (அலீ (ரலி) வழிவந்தோரின்) கிளர்ச்சிக்கு உடந்தை என்று குற்றம் சுமத்தி கலீஃபா ஹாரூன் ரஷீத் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதிலிருந்து தப்பியதே ஒரு திருப்பம். அபூ ஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் ஷைபானியின் நூல்களை அப்போதுதான் உட்கார்ந்து படித்தார்கள். மதீனா வழியும் இராக் வழியும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அங்கேதான். உஸூலுல் ஃபிக்ஹை (சட்டம் வகுக்கும் விதிகளை) ஒழுங்குபடுத்திய இமாமின் நூல் ‘ரிஸாலா’வுக்கு வேர் அதுதான் என்பது என் கருத்து.

எகிப்து வந்தது ஹிஜ்ரி 198-199 வாக்கில். ஏறத்தாழ 5 வருடம்தான் அங்கே இருந்தார்கள். இமாமின் சட்ட நூல் ‘கிதாபுல் உம்மு’ அந்தக் காலத்துப் பாடம். ஃபுஸ்தாத்தில் (பழைய கெய்ரோவில்) அம்ர் பள்ளிவாசலில் பாடம் நடந்த முறையை மாணவர் ரபீஉ சொல்கிறார்: சுப்ஹு முடிந்ததும் குர்ஆன் ஓதுபவர்கள், வெயில் ஏறியதும் ஹதீஸ் கேட்பவர்கள், அவர்கள் எழுந்தபின் விவாதம், கடைசியில் அரபி இலக்கணமும் கவிதையும் படிப்பவர்கள், நண்பகல் வரை. உங்கள் குழு அம்ர் பள்ளிக்கும் போகுமானால் இதைச் சொல்லிக் கொடுங்கள், வெறுமனே தூண்களைப் பார்த்துவிட்டு வரக் கூடாது.

இராக்கில் சொன்னது கதீம் (பழையது), எகிப்தில் சொன்னது ஜதீத் (புதியது). ஜதீத்தைத்தான் மத்ஹபு எடுக்கும், ஆனால் சில இடங்களில் கதீமே ஃபத்வாவாக (மார்க்கத் தீர்ப்பாக) நின்றது. நம் ஆட்களுக்குப் புரிகிற உதாரணம் மஃரிப் (அந்தித் தொழுகை). ஜதீத்படி உளூச் செய்து, உடுத்தி, பாங்கும் இகாமத்தும் சொல்லி, 5 ரக்அத் தொழும் நேரம் போனால் மஃரிப் வக்து (நேரம்) முடிந்தது. கதீம்படி மேற்கே செம்மை மறையும் வரை வக்து உண்டு. நாம் நடப்பது கதீம்படி. இமாம் நவவி (ரஹ்) அதற்கு ஹதீஸ் ஆதாரம் காட்டி உறுதிப்படுத்தினார்கள். சுப்ஹு பாங்கில் ‘அஸ்ஸலாத்து கைருன் மினந் நவ்ம்’ சொல்வதும் இதே வகைதான்.

அடக்கம் பற்றி: ஃபுஸ்தாத்தில் இமாமை ஆதரித்தது அப்துல் ஹகம் குடும்பம். அவர்கள் மாலிகிகள், செல்வாக்குள்ளவர்கள். வீட்டு மகன் முஹம்மத் இமாமிடமே ஓதினார். வெளியூரிலிருந்து வந்த ஆலிமுக்கு எகிப்தில் சொந்த மையவாடி ஏது? அந்தக் குடும்பத்தின் இடத்தில், முகத்தம் மலையடிவாரத்தில் அடக்கினார்கள். ஜனாஸாவை ஸையிதா நஃபீஸா (ரஹ்) வீட்டு வழியாகக் கொண்டுபோக, அம்மையாரும் தொழுததாக அறிவிப்பு உண்டு.

மரணக் காரணத்தில் ஒரு கவனம். மூல நோயால் இரத்தம் போய்ப் பலவீனப்பட்டார்கள் என்பது மாணவர்கள் வழியாக வருவது. எதிர்த் தரப்பார் தாக்கியதால் என்ற கதையும் நூல்களில் இருக்கிறது, அதை முடிந்த முடிவு போல எழுதிவிடாதீர்கள்.

---

சுதைவேலை பதில்:

கட்டடத்துக்கு வருகிறேன். குழப்பத்துக்கெல்லாம் காரணம் மூன்று காலத்தை ஒன்றாகப் போட்டுக் குழைப்பது. கப்று 820. கப்றின் மேலுள்ள மரப்பெட்டகம் 1178. மேலே நிற்கும் குப்பா 1211. ஸலாஹுத்தீனுக்கு மரப்பெட்டகமும் பக்கத்தில் இருந்த மதரஸாவும் மட்டுமே சொந்தம்.

1171-இல் ஷீஆக்களான ஃபாத்திமியர் ஆட்சி முடிந்தது. எகிப்தை மீண்டும் சுன்னத் வல் ஜமாஅத் வழிக்குத் திருப்ப ஸலாஹுத்தீன் முதலில் மதரஸாக்களைக் கட்டினார். இமாமின் கப்றுக்குப் பக்கத்தில் கட்டியது அவற்றில் பெரியது, அதன் பொறுப்பு நஜ்முத்தீன் கபூஷானியிடம். 1183-இல் வந்த பயணி இப்னு ஜுபைர் வேலை இன்னும் நடப்பதைப் பார்த்து, உள்ளே போனால் தனி ஊர் மாதிரி இருக்கிறது என்று வியந்தார். அந்த மதரஸா இன்று இல்லை. அந்த இடத்தில் 18ஆம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் கத்குதா ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். இப்போது நிற்பது 1891-இல் எகிப்தின் கெதிவ் (ஆட்சியாளர்) தவ்ஃபீக் கட்டியது. குழுவினர் முதலில் நுழைவது இந்தப் புதிய பள்ளிக்குள்தான். அதைப் பார்த்துவிட்டு ‘ஸலாஹுத்தீன் கட்டிய பள்ளி’ என்று படம் போடுபவர்கள் நிறைய.

பெட்டகத்தை அவசரப்படாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஹிஜ்ரி 574 தேதியோடு, தேக்கில் செதுக்கியது. செய்த தச்சர் பெயரும் அதிலேயே இருக்கிறது: உபைத், இப்னு மஆலி என்று அறியப்பட்டவர். கோண வடிவச் சின்னச் சின்னப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து, ஒவ்வொன்றிலும் கொடிவேலை செய்திருக்கிறார். ஒரே பெரிய பலகையாக இருந்தால் கெய்ரோவின் வறட்சியில் வளைந்து வெடித்திருக்கும். சின்னத் துண்டுகள் சட்டத்துக்குள் கொஞ்சம் சுருங்கி விரிய இடம் இருப்பதால்தான் 800 வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. எழுத்திலும் ஒன்று கவனிக்கலாம். கோணலான கூஃபி எழுத்தும் வளைவான நஸ்கும் ஒரே பெட்டகத்தில் வருகின்றன. ஐயூபிகள் (ஸலாஹுத்தீன் வம்சத்தார்) காலத்தில் நஸ்கு மேலேறியதற்கு எகிப்தில் இது முந்தைய சாட்சிகளில் ஒன்று.

குப்பாவைக் கட்டியது ஸலாஹுத்தீனின் தம்பி ஆதிலின் மகன் அல்காமில், ஹிஜ்ரி 608. அப்போது அவர் சுல்தான் இல்லை. தந்தைக்காக எகிப்தை ஆண்டுகொண்டிருந்தார், சுல்தானானது 1218-இல். ‘சுல்தான் காமில் 1211-இல் கட்டினார்’ என்று எழுதினால் தவறாகிவிடும். அவருடைய தாயார் அதே வருடம் மறைந்து இங்கே அடக்கமானார். ஆகவே உள்ளே இமாம், காமிலின் தாயார், ஸலாஹுத்தீனின் மகன் அல்அஸீஸ் உஸ்மானும் அவர் தாயார் ஷம்ஸாவும், பிறகு இடத்துக்குச் சொந்தக்காரரான அப்துல் ஹகம் குடும்பத்தார். மரக்கிராதி சூழ்ந்திருப்பது இமாமுடையது.

அளவு: உள்ளே பக்கத்துக்கு 15 மீட்டர் சதுரம், சுவர் கனம் இரண்டரை மீட்டருக்கு மேல். எகிப்தில் தனியாக நிற்கும் அடக்கஸ்தலக் குப்பாக்களில் இதுவே பெரியது. இவ்வளவு கனமான சுவர்மேல் கல் குப்பா இருக்கும் என்று நினைப்போம். இருப்பதோ மரம். இரட்டை ஓடாக மரச்சட்டம், வெளியே ஈயத் தகடு. 15 மீட்டர் அகலத்தைக் கல்லால் மூடினால் வரும் பாரமும் பக்கவாட்டு உதைப்பும் மரத்தில் கிடையாது. சதுரத்திலிருந்து வட்டத்துக்கு மாறும் மூலைகளில் அடுக்கடுக்காக வரும் முகர்னஸும் (தேன்கூடு போன்ற அலங்காரமும்) மரம்தான், கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம்.

கெட்டுப்போவதும் அதே ஈயத்தால். பகல் வெயிலில் தகடு விரிகிறது, இரவில் சுருங்குகிறது, தன் எடையாலேயே மெல்லக் கீழே வழிகிறது. மடிப்பு இணைப்புகள் வாய் திறக்கின்றன. கெய்ரோவில் மழை குறைவு என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பெய்யும் கொஞ்ச மழையும் ஒரே ஓட்டை வழியாக இறங்கி உள்சட்டத்தை இற்றுப்போக வைக்கிறது. 1772-இல் அப்போது எகிப்தை ஆண்ட அலீ பே ஈயத்தைப் பிரித்து, இற்ற மரத்தை மாற்றி, மறுபடி வேய்ந்தது இதற்காகத்தான். உள்ளே இன்று பளிச்சென்று தெரியும் வண்ணப் பூச்சும் பெரும்பாலும் அந்தப் பணியில் வந்தது. கீழ்ச்சுவரின் பளிங்குப் பதிப்பு 1480-இல் சுல்தான் காயித்பாய் செய்தது. ஆக, கண்ணில் படும் நிறமெல்லாம் 1211 அல்ல.

கீழிருந்து இன்னொரு கேடு. சுற்றிக் குடியிருப்பு பெருகி, கழிவு நீர் தரைக்கடியில் சேர்ந்து சுவரில் ஏறுகிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கி, கல்லின் துளைக்குள் படிகமாகி மேல்தோலை உரிக்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் உயரே ஏறும். இப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் மருந்து.

2016-இல் தொடங்கி 2021-இல் முடிந்த பாதுகாப்புப் பணியை நடத்தியது மெகாவ்ரா என்ற கெய்ரோ அமைப்பு, தலைமை கட்டடக் கலைஞர் மை அல்இப்ராஷி, அமெரிக்கத் தூதரகத்தின் பண்பாட்டு நிதி உதவி. கூரை, மரம், கல், சுதை எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். தரையைத் தோண்டியபோது அடியில் ஃபாத்திமிய காலக் கட்டடத்தின் மிச்சம் கிடைத்தது. 1211-க்கு முன் இங்கே வெறும் மண்ணாக இருந்தது என்ற பேச்சுக்கு அதோடு முடிவு.

---

மரக்கலம் கேட்டது:

ஜஸாகல்லாஹ் ஹைர். இரண்டு துணைக் கேள்வி. குழுவில் சில இளைஞர்கள் ‘கப்றின் மேல் கட்டுவதை இமாமே வெறுத்தார்களே, பிறகு எப்படி இவ்வளவு பெரிய குப்பா?’ என்று கேட்கிறார்கள். மறைக்காமல் பதில் வேண்டும். அடுத்தது, குப்பாவுக்குள் மிஹ்ராப் (தொழும் திசை காட்டும் மாடம்) நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். எதைப் பார்த்துத் தொழுவது?

---

ஹவ்ழ் பதில்:

இளைஞர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ‘உம்மு’வில் இமாம் சொல்வது தெளிவு: கப்றின்மேல் கட்டாமலும் காரை பூசாமலும் இருப்பதே எனக்கு விருப்பம், மக்காவில் ஆட்சியாளர்கள் அப்படிக் கட்டியதை இடித்தார்கள், ஃபகீஹுகள் (சட்ட அறிஞர்கள்) அதைக் குறை சொல்லவில்லை. மத்ஹபு இதை இரண்டாகப் பிரித்தது. சொந்த நிலத்தில் கட்டுவது கராஹத் (வெறுக்கத்தக்கது). எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்ட மையவாடியில் கட்டுவது ஹராம் (தடுக்கப்பட்டது), ஏனென்றால் அடுத்தவர் அடங்கும் இடத்தை அது அடைக்கிறது. இமாம் அடங்கியிருக்கும் கர்ராஃபா வட்டாரம் பொது மையவாடி. ஆகவே அங்கிருந்த கட்டடங்களை இடிக்கலாம் என்று ஃபத்வா கொடுத்த ஷாஃபிஈ உலமாக்களே உண்டு.

இமாமின் குப்பாவையும் பிற்கால நூல்களில் பெயர் சொல்லியே பேசினார்கள். அதற்கு வந்த ஒரு பதில், அது பொது நிலம் அல்ல, அப்துல் ஹகம் குடும்பத்தின் சொந்த இடம் என்பது. நீங்கள் முதலில் கேட்ட ‘ஏன் இன்னொரு குடும்பத்தின் இடத்தில்’ என்ற கேள்வி ஃபிக்ஹில் வந்து முட்டுவது இங்கேதான். கட்டியது ஆட்சியாளர், இமாமோ மாணவர்களோ கட்டச் சொல்லவில்லை. ஜியாரத் வேறு, கட்டடம் வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள். கப்றை ஜியாரத் செய்வது ஆண்களுக்கு சுன்னத் என்பதில் மத்ஹபில் பேச்சு இல்லை.

தொழுகை: கப்றை முன்னோக்கித் தொழுவது நம் மத்ஹபில் கராஹத். ஆகையால் ஸலாம் சொல்லி, ஓதி, துஆச் செய்துவிட்டு, தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிக்கு வந்துவிடுவதே பேணுதல்.

---

சுதைவேலை பதில்:

மிஹ்ராப் பற்றி: கிப்லா (மக்காவின் திசை) சுவரில் பெரிதாக மூன்று இருக்கின்றன, ஆனால் கட்டடமே கிப்லாவிலிருந்து விலகி நிற்கிறது. காயித்பாய் காலத்தில் மூலையில் சின்னதாக நான்காவது ஒன்று வைத்துத் திசையைத் திருத்தினார்கள். அழகைப் பார்த்துப் பெரியதன் முன் நிற்காதீர்கள். இன்றைய கணக்கில் கெய்ரோவிலிருந்து கிப்லா வடக்கிலிருந்து வலப்புறமாக 136 பாகை அளவு, அதாவது ஏறக்குறைய நேர் தென்கிழக்கு. கைபேசித் திசைகாட்டியை வெளியே திறந்த இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி, கதவுக்குப் பக்கத்தில் முள் தடுமாறும்.

படகு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உச்சியில் பிறைக்குப் பதிலாகக் கம்பத்தில் நிற்பது உலோகப் படகு. பறவைகளுக்குத் தானியம் போட என்பது ஒரு விளக்கம். 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த எட்வர்ட் லேன், முன்பு மௌலிது (இமாமின் நினைவு விழா) சமயத்தில் ஓர் அர்தப் கோதுமையும் ஓர் ஒட்டகச் சுமைத் தண்ணீரும் அதில் வைத்ததாக எழுதியிருக்கிறார். அர்தப் இன்றைய அளவில் 198 லிட்டர். காற்றில்லாதபோதும் படகு திரும்பும், அது நல்லது கெட்டது காட்டும் என்ற ஊர்ப்பேச்சையும் அவரே பதிகிறார். அது ஊர்ப்பேச்சு என்ற அளவில் நிற்கட்டும். படகு பழையது என்பதற்குச் சாட்சி நமக்கு நன்றாகத் தெரிந்தவர்: நபிகள் நாயகத்தைப் புகழும் புர்தா பாடிய இமாம் பூஸீரி. இமாமின் மறைவோடு அறிவு வெள்ளம் வடிந்தது, நூஹ் நபியின் கப்பல் ஜூதி மலையில் தங்கியது போல இந்தப் படகு கப்றின் மேல் தங்கியது என்று அவர் பாடியதாக வரும் வரிகள் பிரபலம். அப்படியானால் 13ஆம் நூற்றாண்டிலேயே படகு மேலே இருந்திருக்கிறது.

---

கர்ராஃபா பதில்:

காக்கா (அண்ணன்) இருவரும் சொன்னதோடு, இடம் பற்றிச் சில விவரம்.

ஸையிதா ஆயிஷா சதுக்கத்திலிருந்து தெற்கே, இமாம் ஷாஃபிஈ தெரு முடிகிற பக்கம். ‘இமாம்’ என்றாலே ஓட்டுநர்களுக்குத் தெரியும், அந்த வட்டாரத்தின் பெயரே அதுதான். மையவாடிகளுக்கு நடுவே குடியிருப்புகள் உள்ள பகுதி, தெருக்கள் குறுகல். பெரிய பஸ்ஸை வாசல்வரை எதிர்பார்க்காதீர்கள். சிறிய வேன் பிடித்துக்கொள்வது நல்லது, முதியவர்கள் இருந்தால் கட்டாயம். 2020-க்குப் பிறகு புதுச் சாலைகளுக்காக இந்த மையவாடிகளில் பல பழைய அடக்கஸ்தலங்களை இடித்தார்கள். இமாமின் குப்பா அப்படியே இருக்கிறது, ஆனால் பழைய பயண நூல்களில் உள்ள சுற்றுவழி அப்படியே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 1979 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள நகரத்தில் இப்படி நடப்பது மிகவும் வருத்தமானது.

மௌலிது ஷஃபான் மாதத்தில். கூட்டமும் கடைகளும் ஓதலுமாக இருக்கும். பெட்டகத்தின் செதுக்குவேலையை நின்று பார்க்க வேண்டுமானால் அந்த நாட்களையும் வெள்ளிக்கிழமையையும் விட்டுவிடுங்கள். வெயில் உள்ளே வரும் முற்பகலில் போனால் மேலே வண்ணப் பூச்சு தெளிவாகத் தெரியும்.

உள்ளே மடித்த தாள்களைப் பார்த்தால் குப்பை என்று நினைக்க வேண்டாம். எகிப்தியர்கள் இமாமுக்குக் கடிதம் எழுதுவார்கள், தபாலிலும் அனுப்புவார்கள். ‘ஷரீஅத் காழி’ என்று விளித்து, தனக்கு அநியாயம் செய்தவன்மீது முறையீடு, திருடுபோன சாமான், குடும்ப வழக்கு என்று எழுதியிருக்கும். சமூகவியலாளர் ஸையித் உவைஸ் 1950-களில் வந்த கடிதங்களை எடுத்து ஆராய்ந்தார். வாழும்போது சட்டம் சொன்னவரிடம் இன்றும் வழக்கு வைக்கிறார்கள். மார்க்க ரீதியில் இதை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். நம் குழுவினர் யாருடைய தாளையும் எடுக்கவோ பிரிக்கவோ படம் எடுக்கவோ கூடாது என்று குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே வருகையில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அன்சாரி (ஹிஜ்ரி 926) இமாமுக்கு அருகிலேயே அடங்கியிருக்கிறார்கள். அவர்களின் மாணவர் இப்னு ஹஜர் ஹைதமி, ஹைதமியின் மாணவர் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம். நம் மதரஸாக்களில் ஓதும் ‘ஃபத்ஹுல் முஈன்’ அந்த மக்தூம் எழுதியது. ஆலிம்கள் வருகிற குழு என்றால் இந்த ஸனதைத்தான் (ஆசிரியர்-மாணவர் தொடரைத்தான்) முதலில் கேட்பார்கள். இமாமின் மாணவர் முஸனீயும் (ஹிஜ்ரி 264) இந்தக் கர்ராஃபாவில்தான். எகிப்தின் பேரறிஞர் லைஸ் இப்னு ஸஅத் (ஹிஜ்ரி 175) கொஞ்சம் தள்ளி. ‘மாலிக்கைவிட லைஸ் பெரிய ஃபகீஹ், மாணவர்கள்தான் அவரைக் காப்பாற்றவில்லை’ என்று இமாம் சொன்னது இவரைப் பற்றி.

குப்பாவுக்குப் பின்புறம் ஹவ்ஷுல் பாஷா, முஹம்மத் அலீ பாஷா குடும்பத்தார் மையவாடி. வழிகாட்டிகள் அங்கே நெடுநேரம் நிறுத்திவிடுவார்கள். முஹம்மத் அலீ அங்கே இல்லை, கோட்டைப் பள்ளியில் இருக்கிறார். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு லைஸிடம் போய் வாருங்கள்.